ரங்கூனும் சிங்கப்பூரும்

சென்ற திங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, நம் ரயில்வே குடியிருப்பில் மூன்றாம் வரிசையில் வசிக்கும் அம்மையார் ஒருவர் கையில் இரண்டு காகிதங்களுடன் நம் இல்லத்திற்கு வந்தார். அவருடைய கணவர் பட்டறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். ஒரே மகன் ஐ.டி.ஐ.யில் வெல்டர் படிப்பை முடித்துவிட்டு இரண்டாண்டுகளாக வேலைக்கு அலைபவன்.

"தம்பி, பயலுக்கு ரெண்டு இடத்திலிருந்து வேலை வந்திருக்கு. ஒண்ணு சிங்கப்பூர்ல கப்பல் கட்டுற பட்டறை. இன்னொண்ணு தாய்லாந்து, பர்மா எல்லைக்குப் பக்கமாம். கம்ப்யூட்டர்ல தட்டுற வேலையாம். சம்பளம் சிங்கப்பூரை விட ஒன்றரை மடங்கு சொல்றாங்க. நீங்கதான் பத்திரிகைல எழுதுறீங்களே, எது நல்லதுன்னு சொல்லுங்க" என்றார்.

பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, பார்சல் ஆபீசில் ரசீது எழுதிக் காலம் கழிக்கும் நம்மிடம் வந்து கேட்கிறாரே என்ற கூச்சம் ஒரு புறம். பர்மா என்ற சொல்லைக் கேட்டதும் உள்ளறையில் படுத்திருந்த நம் அப்பத்தா எழுந்து உட்கார்ந்தது மற்றொரு புறம். அந்த அம்மையாருக்கு அன்றே சுருக்கமாக விடை கூறினோம். ஆயினும் இதே கேள்வி நம் சங்கத்து வீடுகள் பலவற்றிலும் இருக்கக்கூடும் என்று தோன்றியதால், இத்திங்கள் இப்பகுதியை அவ்விரு நாடுகளுக்கே ஒதுக்குகிறோம்.

பர்மாவுக்கு 1989 முதல் மியன்மார் என்பது பெயர். நம் வீட்டுப் பெரியவர்கள் வாயில் இன்றும் பர்மாதான். நாமும் அவ்வாறே எழுதுவோம்.

நாட்டுப் படத்தை விரித்துப் பார்த்தால் இவ்விரண்டையும் ஒப்பிடுவதே நகைப்புக்கிடமாகத் தோன்றும். பர்மாவின் பரப்பு 6,76,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். சிங்கப்பூர், கடலைத் தூர்த்து நிலம் சேர்த்த பின்னரும், 740 சதுர கிலோமீட்டரை எட்டவில்லை. பர்மாவில் ஐராவதி ஆறு பாய்கிறது; தேக்கு வளர்கிறது; மோகோக்கில் மாணிக்கம், பாகாண்டில் பச்சைக்கல், யெனாஞ்சாவுங்கில் மண்ணெண்ணெய்க் கிணறு. இரண்டாம் உலகப் போருக்கு முன் ஆண்டுக்கு 30 இலட்சம் டன் அளவில் அரிசியைக் கப்பலேற்றி, உலகிலேயே மிகுதியாக அரிசி விற்ற நாடு அது. நம் தென் மாவட்டத்துக் கிழவிகள் பஞ்ச காலத்தில் உண்ட 'ரங்கூன் அரிசி'யை நினைவு கூர்வது இதனால்தான். சிங்கப்பூருக்கோ குடிநீரே சொந்தமில்லை. அண்டையிலுள்ள ஜொகூரிலிருந்து குழாய் வழியே வரும் நீருக்கு 1962-இல் எழுதிய ஒப்பந்தப்படி, ஆயிரம் காலனுக்கு மூன்று மலேசியக் காசு விலை. அந்த ஒப்பந்தம் 2061 வரை செல்லும். உண்ணும் உணவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெளியிலிருந்தே வருகிறது.

இப்படிப்பட்ட சிங்கப்பூரில் 2024-இல் தலைக்கு ஆண்டு வருமானம் ஏறக்குறைய 90,000 அமெரிக்க டாலர். பர்மாவில் அது 1,200 டாலரை ஒட்டியது.

ஒரு காலத்தில் ரங்கூன் செல்வத்தில் கொழித்ததாகவும், சிங்கப்பூர் வெறும் மீன்பிடி ஊராக இருந்ததாகவும் சிலர் எழுதுகின்றனர். அது மிகை. சிங்கப்பூர் வெள்ளையர் காலத்திலிருந்தே பெரிய துறைமுகம். 1960-இலேயே தலை வருமானத்தில் அது ஆசியாவின் பல நாடுகளுக்கு முன் நின்றது. ஆனால் ரங்கூனும் அன்று குறைந்த ஊரன்று. அதன் பல்கலைக்கழகம் பெயர் பெற்றது. 1961-இல் ஐ.நா. சபைக்குப் பொதுச் செயலாளராகச் சென்ற ஊ தாண்ட் அந்நாட்டவர். 1931 கணக்கெடுப்பின்படி ரங்கூன் நகரத்து மக்களுள் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர். அவர்களுள் ஒருவர் நம் பாட்டனாரின் தந்தை.

நம் பாட்டனார் பிறந்ததே ரங்கூனில்தான். அரிசி ஆலை ஒன்றில் கணக்கெழுதினார். 1942-இல் ஜப்பானியப் படை வந்தபோது ஏறக்குறைய ஐந்து இலட்சம் இந்தியர் காட்டு வழியாகவும் மலை வழியாகவும் நடந்து நம் நாட்டுக்குத் தப்பி வந்தனர். வழியில் மாண்டோர் பல்லாயிரவர். நம் குடும்பம் அப்போது நகரத்தை விட்டுச் சிற்றூரொன்றில் ஒளிந்து பிழைத்தது. போர் ஓய்ந்தபின் மீண்டும் அதே ஆலை, அதே கணக்கு.

1962 மார்ச் 2-ஆம் நாள் ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1963 பிப்ரவரியில் வங்கிகள் யாவும் அரசுடைமையாயின. 1964 மார்ச்சில் கடைகளின் முறை வந்தது. அதே ஆண்டு மே 17-ஆம் நாள், 50 கியாட், 100 கியாட் நோட்டுகள் இனிச் செல்லா என்று அறிவித்தனர். நம் பாட்டனார் வங்கிகள் போன நாளிலிருந்து சேமிப்பைத் தகரப் பெட்டியில் நோட்டாக வைத்திருந்தவர். அந்நோட்டுகளில் ஒன்று இன்றும் அப்பத்தாவின் பெட்டியில், மஞ்சள் துணியில் மடித்து இருக்கிறது. "இது ஒரு மாசத்துச் சம்பளம்" என்பார். எழுத்து அழியவில்லை, மடிப்புக் கிழியவில்லை, செல்லாது, அவ்வளவே.

அந்த ஆண்டுகளில் பர்மாவை விட்டு வந்த இந்தியர் மூன்று இலட்சம் வரை இருப்பர். கப்பலில் சென்னைக்கு வந்து இறங்கியோர் நடத்திய கடைத்தெருவே பர்மா பஜார் ஆயிற்று. தமிழ்நாட்டில் இருப்புக் கொள்ளாமல், நடந்தே பர்மாவுக்குத் திரும்பி விடலாம் என்று மணிப்பூர் வழியாகச் சென்று, எல்லையில் தடுக்கப்பட்டு அங்கேயே தங்கிவிட்டோரும் உளர். மோரே என்னும் அந்த எல்லை ஊரில் அவர்கள் எழுப்பிய அங்காள பரமேசுவரி கோயிலும் தமிழ்ச் சங்கமும் உண்டு. நம்மைப் போலவே வெளி மாநிலத்துத் தமிழ்ச் சங்கம். ஆனால் அவர்கள் வேலை தேடி அங்கே போகவில்லை, வழி அடைபட்டு நின்றவர்கள்.

பர்மியர் மீது மட்டும் பழி சுமத்துவது நேர்மையாகாது. அங்கே நம்மவர் செய்ததையும் சொல்ல வேண்டும். கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் செட்டியார் வட்டிக் கடைகளின் கையில் இருந்த நிலம் நூற்றுக்கு 6 பங்கு. உலகமெங்கும் விலைவீழ்ச்சி வந்து நெல் விலை விழுந்தது. கடனுக்கு ஈடாக நிலம் வந்து சேர்ந்தது. 1938-இல் அது நூற்றுக்கு 25 பங்காயிற்று. வட்டிக் கடைக்காரரிடம் இருந்த பத்திரம் சட்டப்படி சரியானதே. உழவன் கண்ணுக்கு அது எப்படித் தோன்றியிருக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்க்கவேண்டும். அந்த வெறுப்பு முப்பது ஆண்டுகள் கழித்து, நிலமே வாங்காத ஆலைக் கணக்கப்பிள்ளைகளின் தலையில் விடிந்தது. 1982-இல் எழுதிய குடியுரிமைச் சட்டம், 1823-க்கு முன்னரே அந்நாட்டில் குடியிருந்த இனத்தவரைத்தான் முழுக் குடிமக்களாகக் கொள்கிறது. 1823-இன் பத்திரத்தை எவர் வீட்டில் தேடுவது!

நிற்க. இதே ஆண்டுகளில் சிங்கப்பூரில் நடந்தவை என்ன?

1961 மே 25-ஆம் நாள் புக்கிட் ஹோ சுவீ என்ற குடிசைப் பகுதியில் தீப்பிடித்து, ஏறக்குறைய 16,000 பேர் வீடிழந்தனர். அதற்கு முந்தைய ஆண்டுதான் வீட்டு வாரியம் ஒன்றை நிறுவியிருந்தனர். எரிந்த இடத்திலேயே அடுக்கு வீடுகள் எழுந்தன. முதல் ஐந்தாண்டுகளில் தீவு முழுவதும் 50,000-க்கு மேற்பட்ட வீடுகளைக் கட்டி முடித்தனர். அதே காலத்தில் ஐ.நா. சார்பில் வந்த டச்சுப் பொருளியலறிஞர் ஆல்பர்ட் வின்சீமியஸ், தொழிற்சாலைகளுக்கு வழிகாட்டியதோடு, நகரை நிறுவிய ராஃபிள்ஸ் சிலையை அகற்றவேண்டாம் என்றும் கூறினார். சிலையில் என்ன இருக்கிறது என்று நாம் எண்ணக்கூடும். பழைய கணக்கை இந்த ஊர் கிழித்து எறியாது என்று வெளிநாட்டு முதலாளிகளுக்கு அது சொல்லிற்று.

1955 முதலே அங்கு மத்திய சேமநிதி உண்டு. இன்று 55 வயதுக்குட்பட்டோர் சம்பளத்தில் நூற்றுக்கு 20 பங்கைத் தொழிலாளியும் 17 பங்கை முதலாளியும் அதில் செலுத்த வேண்டும். 1968 முதல் அப்பணத்தை எடுத்து அரசு வீட்டை வாங்கலாம் என்றனர். நம் ரயில்வே பி.எஃப். பணத்தில் வீடு கட்டியவர்களுக்கு இது புதிதன்று. புதுமை என்னவென்றால், ஒரு நாட்டின் குடும்பங்களில் நூற்றுக்கு 75-க்கு மேல் இப்படிக் கட்டிய வீடுகளில் வாழ்வது. 1989 முதல் ஒவ்வோர் அடுக்ககத்திலும் சீனர், மலாய்க்காரர், இந்தியர் இன்ன விகிதத்தில்தான் இருக்கலாம் என்று விதி செய்து, தனித்தனிச் சேரிகள் முளைக்காமல் பார்த்துக்கொண்டனர். ஆட்சிமொழி நான்கில் தமிழும் ஒன்று. ரயில் நிலையத்தில் தமிழில் பெயர்ப்பலகை காணும்போது, இந்தி, வங்காளப் பலகைகளுக்கிடையே வாழும் நமக்கு மகிழ்ச்சி உண்டாவது இயல்பே.

ரயில் என்றதும் ஒரு சிறு செய்தி. சிங்கப்பூர்த் தஞ்சோங் பகார் நிலையம் 1932-இல் திறந்தது. 2011 ஜூலை வரை அது மலேசிய ரயில்வேயின் உடைமையாகவே இருந்தது. தலைநகரத்தின் நடுவே அயல்நாட்டு ஸ்டேஷன்! ஒப்பந்தம் இருந்ததால் நாற்பத்தாறு ஆண்டுகள் பொறுத்து, பேசி, நிலத்துக்கு நிலம் மாற்றி முடித்தார்கள். தொழில் காரணமாக நமக்கு இது மிகவும் பிடித்த செய்தி.

1987-ஆம் ஆண்டு நடந்ததைக் கேளுங்கள். செப்டம்பர் 5-ஆம் நாள் பர்மாவில் 25, 35, 75 கியாட் நோட்டுகள் செல்லாதவை ஆயின. ஈடு எதுவும் தரவில்லை. புழக்கத்திலிருந்த பணத்தில் பெரும்பகுதி ஒரே பகலில் காகிதமாயிற்று. பள்ளிச் சம்பளம் கட்ட வைத்திருந்த மாணவர் பணமும் போயிற்று. மாணவர்கள் தெருவுக்கு வந்தனர். அவற்றுக்குப் பதிலாக ஒன்பதால் வகுபடும் 45, 90 கியாட் நோட்டுகள் வந்தன. அதே ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள் சிங்கப்பூரில் முதல் நகர ரயில், இயோ சூ காங்கிலிருந்து தோ பாயோ வரை, ஐந்து நிலையங்களுக்கிடையே ஆறு கிலோமீட்டர் ஓடிற்று. டிசம்பரில் பர்மாவை 'மிகக் குறைந்த வளர்ச்சியுற்ற நாடு' என்ற பட்டியலில் ஐ.நா. சேர்த்தது. அரிசி விற்று உலகை ஊட்டிய நாட்டுக்கு 1948-இல் விடுதலை கிடைத்து நாற்பது ஆண்டுகள்கூட நிறையவில்லை.

மறு ஆண்டு ஆகஸ்டு 8-இல் எழுந்த பெருங்கிளர்ச்சியும் அதன் பின் சிந்திய குருதியும் உலகறிந்தவை. இடையில் சில ஆண்டுகள் கதவு திறந்தது போலத் தோன்றிற்று. 2021 பிப்ரவரி 1-ஆம் நாள் இராணுவம் மீண்டும் ஆட்சியைப் பற்றியது. உள்நாட்டுப் போர் பரவிற்று. 2025 மார்ச் 28-இல் மாந்தலையை நிலநடுக்கம் தாக்கியது. ஒரு டாலருக்கு 2,100 கியாட் என்று 2022-இல் அரசு விலை குறித்தது; 2024-இல் வெளிச்சந்தையில் அதைப் போல இருமடங்குக்கு மேல் கொடுக்க வேண்டியிருந்தது. நோட்டைச் செல்லாததாக்க அறிவிப்புக்கூடத் தேவையில்லை போலும்.

இவ்வளவு சொன்னதால், சிங்கப்பூரைத் தேவலோகம் என்று நாம் கூறுவதாக எவரும் கொள்ளவேண்டாம். முதற்கண், நாம் மேலே புகழ்ந்த சேமநிதி, வீடு, அடுக்கக விதி ஆகிய யாவும் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உரியவை. வேலை அனுமதிச் சீட்டில் போகும் வெல்டருக்குச் சேமநிதி இல்லை. மனைவி மக்களை அழைத்துச் செல்ல வழியில்லை. இருப்பிடம் தொழிலாளர் விடுதி. பழைய காலத்திலும் அப்படித்தான். வெள்ளையர் படைத்தளம் 1971-இல் மூடப்பட்டபோது, குடியுரிமை பெறாமல் அங்கே உழைத்த நம்மவர் பலர் ஊர் திரும்ப நேர்ந்தது. 2013 டிசம்பர் 8-ஆம் நாள் தேக்கா வட்டாரத்தில் ஒரு பேருந்து மோதி 33 வயதுத் தமிழர் ஒருவர் இறக்க, அன்றிரவு அங்கே கலவரம் மூண்டதைப் பலரும் படித்திருப்பீர்கள். 2020-இல் கொரோனாத் தொற்றின்போது விடுதிகளில் அடைபட்டிருந்த மூன்று இலட்சத்துச் சொச்சம் தொழிலாளருள் நூற்றுக்கு 47 பேருக்கு அவ்வாண்டு முடிவதற்குள் நோய் தொற்றியிருந்ததாக அந்நாட்டு அரசே கணக்குச் சொல்லிற்று. 2024-இல் சிங்கப்பூரில் வாழ்ந்த 60 இலட்சம் பேரில் 18 இலட்சத்துக்கு மேற்பட்டோர் இப்படி வந்து போகும் அயலார். அங்கே சீட்டில் எழுதியது நடக்கும். எழுதாததைக் கேட்க முடியாது.

தாய்லாந்து வேலைக்கு வருவோம். மே ஸோட் என்பது தாய்லாந்தின் எல்லையூர். பாங்காக்கிலிருந்து ஏறக்குறைய ஐந்நூறு கிலோமீட்டர். ஒரு சிறிய ஆற்றைத் தாண்டினால் பர்மாவின் மியாவாடி. அங்கே எந்த அரசின் சட்டமும் முழுமையாகச் செல்லாத இடங்களில், மதில் எழுப்பிய வளாகங்களை அமைத்து, கம்ப்யூட்டர் முன் இளைஞர்களை உட்கார வைத்து, உலகத்தாரைத் தொலைபேசியில் ஏமாற்றும் தொழில் நடந்தது. நல்ல சம்பளம் என்று அழைத்து, சுற்றுலாப் பயணியாக இறக்கி, இரவோடிரவாக ஆற்றைக் கடத்தி, பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொள்வது வழக்கம். மறுத்தவர்களுக்கு அடியும் மின்சார அதிர்ச்சியும். 2022 அக்டோபரில் அங்கிருந்து மீட்கப்பட்டோருள் தமிழ்நாட்டு இளைஞர்களும் இருந்தனர். 2025 மார்ச்சில் இரண்டே நாட்களில் நம் விமானப்படை விமானங்கள் 549 இந்தியரைத் தாய்லாந்திலிருந்து கொண்டுவந்து சேர்த்தன. நம் பாட்டனார் தலைமுறை அரிசி ஆலைக்குப் போன நாட்டுக்கு, நம் தம்பிமார் இப்படியா போவது!

அந்த அம்மையார் கொண்டுவந்த இரண்டாம் காகிதம் உண்மையில் கடிதமே அன்று. கைபேசியில் வந்த செய்தியைக் கடையில் அச்செடுத்தது. கம்பெனி பெயர் இல்லை, முகவரி இல்லை. அதிலிருந்த எண்ணுக்கு நாமே பேசினோம். "கம்பெனி பெயர் என்ன?" என்றோம். "பாங்காக்கில் இறங்கினதும் எங்கள் ஆள் எல்லாம் சொல்வார்" என்று நல்ல தமிழில் விடை வந்தது. "வேலை விசாவின் நகலை அனுப்புங்கள்" என்றோம். அழைப்புத் துண்டிக்கப்பட்டது. மறுநாள் அந்த எண் உயிரோடில்லை.

முதற்காகிதம் சிங்கப்பூர் மனிதவள அமைச்சகத்தின் முன்அனுமதிக் கடிதம். ஊரைவிட்டுப் புறப்படுமுன் தொழிலாளியின் கையில் இது இருந்தாக வேண்டும். அடிப்படைச் சம்பளம், படிகள், பிடித்தம் எல்லாம் அதில் குறிக்கப்பட்டிருக்கும். அதற்குக் கீழே சம்பளத்தைக் குறைக்கவேண்டுமாயின் தொழிலாளியின் எழுத்து மூலமான ஒப்புதல் தேவை. அமைச்சகத்தின் இணையதளத்தில் பையனின் பாஸ்போர்ட் எண்ணை இட்டுப் பார்த்தோம், கடிதம் மெய். ஆனால் அதில் கண்ட சம்பளம், உள்ளூர்த் தரகர் வாயால் சொன்னதைவிட நான்கில் ஒரு பங்கு குறைவு. அம்மையாரின் முகம் வாடிற்று.

"அவர் ஓவர்டைம் சேர்த்துச் சொல்லியிருப்பாரு தம்பி."

"அக்கா, இதில் எழுதினதை வைத்து மட்டும் கணக்குப் போடுங்கள். கடன் வாங்குவதும் அதைப் பார்த்தே வாங்குங்கள்" என்றோம்.

வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்ப உரிமம் பெற்ற முகவர்களின் பட்டியல் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் உண்டு. தேடத் தெரியாத வீட்டார் ஞாயிறு மாலைகளில் நம்மிடம் வந்தால் பார்த்துச் சொல்லுவோம். இந்தத் தரகரின் பெயர் அதில் இல்லை. அவர் வேறொரு முகவரின் பெயரைச் சொல்லுகிறார்; அந்தப் பெயர் பட்டியலில் இருக்கிறது. ஆனால் பணத்தைத் தம் கையில் ரொக்கமாகத் தரவேண்டும் என்கிறார்.

அப்பத்தா இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்தார். பையனை அருகில் அழைத்து, மஞ்சள் துணியை அவிழ்த்து அந்த நோட்டை அவன் கையில் கொடுத்தார். அவன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "இதுக்கு என்ன கிடைக்கும் ஆச்சி?" என்றான். "ரெண்டு மூட்டை அரிசி கிடைச்சுது. அப்புறம் ஒரு நாள் ஒண்ணுமில்லை" என்று சொல்லி, அதை வாங்கி மீண்டும் மடித்துவைத்தார்.

பையனுக்கு வரும் புதன்கிழமை மருத்துவச் சோதனை. தரகரிடம், அந்த முகவரின் பெயரில் ரசீது வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். இக்கட்டுரை அச்சுக்குப் போகும் வரையில் வரவில்லை. பணமும் கொடுக்கப்படவில்லை.